தேயும் ஸ்டிக்கும் தேயாத நம்பிக்கைகளும்: கேம் கன்ட்ரோலர் பழுது பற்றிய ஓர் ஆய்வு

கேம் கன்ட்ரோலரின் மேற்புறத்தில், கட்டைவிரலால் எத்திசையிலும் சாய்ப்பதற்கென்று பொருத்தப்பட்டிருக்கும் சிறு ஸ்டிக், யாரும் தொடாதபோதே திரையில் உள்ள பாத்திரத்தை ஒரு பக்கமாக நகர்த்தத் தொடங்குவதை விளையாடுவோர் ‘டிரிஃப்ட்’ என்கின்றனர். உள்ளே காற்றடித்தால் போதும் என்பார் ஒருவர். ஆல்கஹால் விட்டால் தீரும் என்பார் மற்றொருவர். குற்றம் மென்பொருளுடையது என்போரும், புதியதை விற்பதற்காகவே நிறுவனங்கள் விரைவில் கெடும்படி செய்கின்றன என்போரும், காந்த உணரி வைத்த கன்ட்ரோலர் ஆயுள் முழுதும் கெடாது என்போரும் உண்டு. இவற்றுள் அடியோடு பொய்யானது ஏறக்குறைய எதுவுமில்லை, எல்லோருக்கும் பொருந்துவதும் எதுவுமில்லை. ஸ்டிக்கின் உள்ளே வெவ்வேறு இடங்களில் நேரும் நான்கைந்து தேய்மானங்கள் வெளியே ஒரே அறிகுறியாகத் தோன்றுவதால், ஒருவருக்குப் பலித்த வைத்தியம் அனைவருக்குமான விதியாகப் பரவுகிறது. இந்நம்பிக்கைகள் பெரும்பாலும் பிறந்த வழி இதுவே.

ஸ்டிக்கின் அடிப்பகுதி, ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் குறுக்கிட்டு நிற்கும் இரண்டு அரைவளையங்களுக்குள் நுழைந்து நிற்கிறது. இடவலமாகச் சாய்த்தால் ஒரு வளையமும் மேல்கீழாகச் சாய்த்தால் மற்றதும் திரும்பும். மூலைவாட்டில் சாய்த்தால் இரண்டும் அவற்றிற்குரிய அளவில் திரும்பும். கீழிருந்து ஒரு சுருள்வில் வட்டத்தட்டு ஒன்றை மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருப்பதால், விரலை எடுத்ததும் ஸ்டிக் நடுவுக்கு மீள்கிறது. ஸ்டிக்கை உள்நோக்கி அழுத்தினால் இயங்கும் பொத்தான் ஒன்றும் இதே கூட்டில் அடங்கியுள்ளது. வளையம் எவ்வளவு திரும்பியது என்பதை அளக்கும் உறுப்பு பெரும்பாலான கன்ட்ரோலர்களில் பொட்டென்ஷியோமீட்டர் ஆகும். பழைய வானொலிப் பெட்டியின் ஒலியளவுத் திருகுக்குப் பின்னால் இருந்ததும் இதே உறுப்புதான். திருகும்போது பெட்டி கரகரத்ததும், இன்று ஸ்டிக் தானாக நகர்வதும் ஒரே பரம்பரையைச் சேர்ந்த பழுதுகள்.

பொட்டென்ஷியோமீட்டருக்குள் லாட வடிவில் ஒரு கரிப்பூச்சுத் தடமும், அதன்மேல் உராய்ந்து செல்லும் மெல்லிய உலோக நாக்கும் உள்ளன. தடத்தின் ஒரு முனைக்கு மின்னழுத்தம் தரப்பட, மறுமுனை பூச்சியத்தில் நிற்க, நாக்கு நிற்கும் இடத்துக்கேற்ற இடைப்பட்ட மின்னழுத்தத்தைக் கன்ட்ரோலரின் சில்லு எண்ணாக மாற்றிக்கொள்கிறது. இவ்வமைப்பு விகிதத்தை அளப்பது என்பதால், தடம் முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்தால் அளவீடு அவ்வளவாகக் கெடுவதில்லை. ஆனால் தேய்மானம் சீராக நிகழ்வதே இல்லை. எந்த அசைவும் நடுவில் தொடங்கி நடுவில் முடிவதால் நாக்கு மிகுதியாக உராயும் இடம் தடத்தின் நடுப்பகுதியே. அசைவற்ற நிலை என்று சில்லு கருத வேண்டிய இடமும் அதுவே. எந்த இடத்தில் துல்லியம் மிகவும் வேண்டுமோ அந்த இடமே முதலில் தேய்கிறது என்பது இவ்வடிவமைப்பின் பிறவிக்குறை. தேய்ந்து உதிர்ந்த கரித்துகள் தடத்தின்மேலேயே கிடந்து நாக்கைத் தூக்கிவிடும்போது எண் திடீரென்று துள்ளும். தடமே குழிந்துவிட்டால் நடுப்புள்ளி நிலையாக ஒரு பக்கம் இடம்பெயரும். முன்னது துடிப்பு, பின்னது சாய்வு. இரண்டும் வேறு பழுதுகளாயினும் விளையாடுபவர் பெரும்பாலும் அவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

மின்னுறுப்பைத் தவிர இயந்திர உறுப்புகளும் தேய்கின்றன. அரைவளையத்துக்கும் ஸ்டிக்கின் தண்டுக்கும் இடையே பொருத்தம் தளர்ந்தால், விரலை எடுத்த பின் ஸ்டிக் ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்ட இடத்தில் போய் நிற்கும். புதிய ஸ்டிக்கும் மிகச் சரியாக அதே புள்ளிக்கு மீள்வதில்லை. தேய்மானம் அந்தப் பிழையைப் பெரிதாக்குகிறது. சுருள்வில் தளர்வதும் இதே விளைவைத் தரும். தண்டு கூட்டின் வாய் விளிம்பில் இடிபட்டு உதிர்க்கும் பிளாஸ்டிக் பொடி ஸ்டிக்கைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிவதால், டிரிஃப்டுக்குக் காரணம் அந்தப் பொடியே என்று பலர் முடிவு செய்கின்றனர். ஆனால் பழுதை உண்டாக்கும் கரித்துகள் மூடிய பெட்டிக்குள், கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. விரல் படும் ரப்பர்த் தொப்பி வழுவழுப்பாகிக் கிழிவதும் தேய்மானம்தான். எனினும் அதற்கும் டிரிஃப்டுக்கும் தொடர்பே இல்லை.

புறத்தூசியைப் பற்றிய நம்பிக்கை இடத்துக்கு இடம் வலுப்பெறக் கூடியது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஓரிக்கை போன்ற நெசவுப் பகுதியில், வீட்டுக்குள்ளேயே தறிக்குழி அமைந்து, பட்டிழையின் பிசிறு காற்றில் கலந்து எல்லாப் பொருள்களின்மீதும் படியும் சூழலில், கன்ட்ரோலர் கெட்டால் பழி பிசிறின்மேல் விழுவது இயல்பு. அப்பழியில் ஓரளவு நியாயமும் உண்டு: தண்டின் அடியில் இழைப்பிசிறு சுற்றிக்கொண்டால் ஸ்டிக் நடுவுக்கு மீள்வது தடைபடும், கை வியர்வையோடு சேர்ந்தால் அது பசையாகவும் இறுகும். எனினும் பொட்டென்ஷியோமீட்டரின் பக்கவாட்டுப் பெட்டிகள் மூடியுடையவை. அவற்றுக்குள் நாக்கு அரைக்கும் தூள் பெரும்பாலும் அவை தாமே உண்டாக்கிக்கொண்டது. தூசியே இல்லாத அறையில் ஆடினாலும் கரித்தடம் தேயும். உராய்வு எங்கே நிகழ்கிறதோ அங்கேதான் தேய்மானத்தைத் தேட வேண்டும் என்பதை, இழை ஓடி ஓடி அச்சின் பற்களில் தடம் விழுவதைக் கண்ட நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்பிரச்சினை புதியதென்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. 1982இல் வெளிவந்த அட்டாரி 5200 கருவியின் ஸ்டிக் பொட்டென்ஷியோமீட்டரைக் கொண்டிருந்தது. தானாக நடுவுக்குத் திரும்பாத அதன் கன்ட்ரோலர் பழுதுக்குப் பெயர்பெற்றது. ஆயினும் இவ்வாய்வுக்கு மிகவும் பயனுள்ள சான்று 1996இல் வந்த நின்டெண்டோ 64. அதன் ஸ்டிக்கில் கரித்தடமே கிடையாது. பழைய உருண்டை வைத்த கணினி மவுஸைப் போலவே, துளையிட்ட இரு சக்கரங்கள் சுழல, அவற்றின் ஊடே வரும் ஒளித்துடிப்புகளை எண்ணி அசைவு கணிக்கப்பட்டது. அளக்கும் உறுப்பில் உராய்வு இல்லை. ஆனாலும் அந்த ஸ்டிக் தளர்ந்து தொங்குவதில் இணையற்றதாக இருந்தது. ஸ்டிக்கின் அடியும் அது அமர்ந்திருந்த பிளாஸ்டிக் கிண்ணமும் ஒன்றையொன்று அரைத்து வெண்பொடியாக உதிர்ந்ததே அதற்குக் காரணம். அளவீடு தொடுகையின்றி நிகழ்வதும் கருவி தேயாமல் இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே கருவிக்கு 1990களின் இறுதியில் வந்த மரியோ பார்ட்டி என்ற விளையாட்டு, ஸ்டிக்கை இயன்ற வேகத்தில் சுழற்றும்படி கேட்டது. விரலால் முடியாமல் உள்ளங்கையால் சுழற்றியவர்களின் கைகளில் கொப்புளம் எழ, நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்து, 2000ஆம் ஆண்டில் நின்டெண்டோ கையுறை வழங்க ஒப்புக்கொள்வதில் அது முடிந்தது. 2021இல் பழைய ஆட்டங்களைத் திரட்டி மீண்டும் வெளியிட்டபோது, உள்ளங்கையால் சுழற்ற வேண்டாம், கைக்கும் ஸ்டிக்குக்கும் கேடு என்ற எச்சரிக்கையைத் திரையிலேயே காட்ட வேண்டியிருந்தது. தேய்மானத்தில் கருவிக்கும் ஆடுபவருக்கும் உள்ள பங்கு ஓயாமல் பேசப்படுகிறது. விளையாட்டை வடிவமைப்பவரின் பங்கு அதில் ஏனோ விடுபட்டே போகிறது.

நின்டெண்டோ 64 வந்த அதே 1996இல், சேகா நிறுவனம் சாட்டர்ன் கருவிக்கென வெளியிட்ட கன்ட்ரோலரிலும், 1998இல் வந்த அதன் டிரீம்காஸ்ட் கருவியின் கன்ட்ரோலரிலும் ஹால் உணரிகள் இருந்தன. காந்தப்புலத்தில் வைத்த கடத்தியில் மின்னோட்டம் பாயும்போது அதற்குக் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்தார். ஸ்டிக்கின் அடியில் காந்தத்தை வைத்து, அது நகரும்போது மாறும் மின்னழுத்தத்தை அளப்பதே இவ்வகை உணரியின் வேலை. இன்று புதுமை என்று விளம்பரப்படுத்தப்படுவது கால்நூற்றாண்டுக்கு முன்பே கடைகளில் விற்றது என்பதை நினைவிற்கொள்வது, விளம்பரத்தை அளவோடு நம்ப உதவும். இடையில் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் தங்கள் முதன்மைக் கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் கரித்தட ஸ்டிக்குகளையே, குறிப்பாக ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் உறுப்புகளையே பயன்படுத்தின. மலிவு, சிறிய உருவம், பெருந்தொகையில் கிடைத்தல் ஆகிய மூன்றும் அவற்றுக்குச் சாதகமாக இருந்தன.

ஹால் உணரி கரித்தடம் தேய்வதால் வரும் பழுதை உண்மையாகவே நீக்குகிறது. இது சிறிய நன்மையன்று. ஆனால் அரைவளையமும் சுருள்வில்லும் அந்த ஸ்டிக்கிலும் உண்டு, அவை தளர்ந்தால் நடுப்புள்ளி அங்கும் அலையும். வெப்பநிலை மாறினால் ஹால் உணரியின் அளவீடு சற்று அசையும். காந்தமும் உணரியும் சரியாக ஒத்திசைக்கப்படாவிட்டால், பாதி சாய்த்ததற்கும் முழுதும் சாய்த்ததற்கும் இடையே அளவீடு சீரற்றுப் போகும். அண்மையில் பரவிவரும் டி.எம்.ஆர். உணரி, இரு காந்தப் படலங்களுக்கு நடுவே உள்ள மிக மெல்லிய காப்புப் படலத்தை எலக்ட்ரான்கள் ஊடுருவும் அளவு காந்தத்தின் திசைக்கேற்ப மாறுவதைப் பயன்படுத்துகிறது. குறைந்த மின்சாரத்தில் நுண்ணிய அளவீட்டைத் தருவதால் அது மேலானதே. எனினும் அதுவும் அளக்கும் பகுதியை மட்டுமே மாற்றுகிறது, தாங்கும் பகுதியை அன்று. ‘டிரிஃப்ட் இல்லாதது’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிடுவது, எனவே, தொழில்நுட்ப உண்மை என்பதைவிட வணிக வாசகம் என்றே கொள்ளத்தக்கது.

மென்பொருளின் பங்கு பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. நடுவிலிருந்து ஓர் எல்லை வரை ஸ்டிக்கின் அசைவைப் பொருட்படுத்தாமல் விடும் ஏற்பாட்டுக்கு ‘டெட்சோன்’, அதாவது செயலற்ற வட்டம், என்று பெயர். மைக்ரோசாஃப்ட் தன் கன்ட்ரோலர்களுக்கான நிரல் தொகுதியில் முழுச் சாய்வை 32,767 என்று கொண்டு, இடது ஸ்டிக்குக்கு 7,849, வலதுக்கு 8,689 என்ற அளவுகளை டெட்சோனாக வரையறுத்தது. முழு வீச்சில் ஏறக்குறைய கால்பங்கு கணக்கில் வராமல் விடப்படுகிறது என்பதே இதன் பொருள். நடுப்புள்ளி துல்லியமாக இராது என்பதை வடிவமைத்தவர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. ஆனால் ஒவ்வொரு விளையாட்டும் இவ்வட்டத்தைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். குறி பார்த்துச் சுடும் விளையாட்டுகள் விரைவான பதிலுக்காக அதைச் சுருக்குகின்றன. அதனால் ஒரே கன்ட்ரோலர் ஒரு விளையாட்டில் நன்றாகவும் மற்றொன்றில் டிரிஃப்டோடும் தோன்றும். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு பழுது வந்தது என்று சொல்வோர் பொய் சொல்வதில்லை. அதுவரை வட்டத்துக்குள் மறைந்திருந்த தேய்மானத்தை வட்டம் சுருங்கியது வெளிக்கொணர்ந்திருக்கும். கன்ட்ரோலரை இணைக்கும்போது ஸ்டிக்கைத் தொடக் கூடாது என்ற அறிவுரைக்கும் மெய்யான வேர் உண்டு: நின்டெண்டோ 64, கேம்கியூப் ஆகிய கருவிகள் இயக்கத் தொடங்கும் நொடியில் ஸ்டிக் நிற்கும் இடத்தையே நடு என்று எடுத்துக்கொண்டன. அந்தப் பழைய அறிவுரை, அப்படி வேலை செய்யாத கருவிகளுக்கும் இன்று சொல்லப்பட்டு வருகிறது.

ஆயுள் குறித்த எண்களில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது 417 மணி நேரம். பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரைப் பிரித்து, அதன் ஸ்டிக்குக்கு ஆல்ப்ஸ் தரும் 20 லட்சம் சுழற்சி என்ற ஆயுளை எடுத்து, துப்பாக்கிச் சண்டை விளையாட்டொன்றில் நிமிடத்துக்குக் குறைந்தது 80 சுழற்சி என்று எண்ணி வகுத்ததன் விளைவு அது. கணக்கு சரி, அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் மிகை. உற்பத்தியாளர் குறிக்கும் சுழற்சி எண் என்பது, பொதுவாக, சோதனைப் பொறியில் அத்தனை முறை அசைத்த பிறகும் உறுப்பு குறிப்பிட்ட பிழை வரம்புக்குள் நிற்கும் என்ற உறுதிமொழி. அதற்கடுத்த நொடி அது சாகும் என்ற சோதிடமன்று. மறுபுறம், ஸ்டிக்கை அழுத்தியபடியே சாய்க்கும் வழக்கம் சோதனைப் பொறிக்கு இல்லை, ஓட்டத்தை விரைவுபடுத்த அப்படிச் செய்யும் ஆட்டக்காரருக்கு உண்டு. ஆகவே அந்த எண் சிலருக்குப் பல மடங்கு நீளும், சிலருக்குப் பாதியில் முடியும்.

திட்டமிட்டே கெடச் செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு உலக அளவில் மேடை அமைத்துக் கொடுத்தது, 2017 மார்ச்சில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியுடன் வந்த ஜாய்கான் என்ற கன்ட்ரோலர். மெல்லிய உடலுக்காக அதன் ஸ்டிக்கில் பக்கவாட்டுப் பெட்டிகளுக்குப் பதில், தட்டையான கரிப்பட்டைகளின்மேல் உலோகத் தூரிகைகள் வழுக்கும் அமைப்பு வைக்கப்பட்டது. 2019இல் அமெரிக்காவில் கூட்டு வழக்கு தொடங்கியது; 2020இல் பிரான்சின் நுகர்வோர் அமைப்பான யு.எஃப்.சி. கே ஷ்வாசிர் திட்டமிட்ட வழக்கொழிப்பு என்று குற்றம்சாட்டிப் புகார் அளித்தது. அதே ஆண்டு நின்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். 2021 தொடக்கத்தில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு ஏறக்குறைய 25,000 முறையீடுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்திடம் சென்றது. 2023இல் உத்தரவாதக் காலம் கடந்தும் ஐரோப்பாவில் இலவசமாகப் பழுதுபார்க்க நிறுவனம் இசைந்தது. தொட்டு உராயும் உறுப்பு கார் டயரைப் போலத் தேய்வதைத் தவிர்க்க முடியாது என்று நின்டெண்டோ பொறியாளர்கள் 2021 பேட்டியொன்றில் விளக்கினர். உவமை பொருத்தமே, ஆனால் டயரைக் கழற்றி மாற்றக் கார்க்காரருக்கு வழி உண்டு என்பதை அவ்விளக்கம் தொடாமல் விட்டது. கெடுப்பதற்கென்றே வடிவமைத்தனர் என்பதற்கு வெளிப்படையான சான்று கிடைத்ததில்லை. தேயும் என்று தெரிந்தே, எளிதில் மாற்ற முடியாதபடி வடிவமைத்தனர் என்பதற்கோ கருவியே சான்று. குற்றச்சாட்டை இவ்வளவில் நிறுத்துவதே நேர்மையானது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இலும் ஹால் உணரி இல்லை என்பதை நிறுவனமே முன்கூட்டி அறிவித்தது.

கைவைத்தியங்களை இந்தப் பின்னணியில் மதிப்பிடுவது எளிது. காற்றடிப்பது தண்டைச் சுற்றியுள்ள பிசிறை அகற்றும், மூடிய பெட்டிக்குள் அதனால் ஆவது குறைவு. தூய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோ மின்தொடர்புகளுக்கான துப்புரவுத் தெளிப்போ உள்ளே சென்றால் தளர்ந்த கரித்துகளைக் கழுவிவிடும். அதனால் துடிப்பு வகைப் பழுது வியக்கத்தக்க வகையில் நீங்கும், குழிந்த தடமோ குழிந்தபடியே இருக்கும், சில நாட்களில் புதுத் துகளும் சேரும். இந்தத் தற்காலிக வெற்றியே ஆல்கஹாலின் புகழுக்கு அடிப்படை. 2021இல் பரவிய ஒரு வைத்தியம், ஜாய்கானுக்குள் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அட்டைத்துண்டைச் செருகச் சொன்னது. ஸ்டிக்கின் உலோக உறை தளர்ந்து தூரிகையின் அழுத்தம் குறைந்த கன்ட்ரோலர்களில் அது பலித்தது, தடம் தேய்ந்தவற்றில் பலிக்கவில்லை. நடுப்புள்ளியை மறுபடி அளந்து பதிய வைக்கும் கேலிப்ரேஷன், நிலையான சாய்வுக்கு உதவும், துள்ளும் எண்ணுக்கு உதவாது. ஸ்டிக்கை விளிம்பில் சுற்றி வட்டத்தின் செம்மையை அளக்கும் சோதனையும் சிலரை வீணாகக் கலங்கச் செய்கிறது: மூலைகளில் முழு அளவு கிட்ட வேண்டும் என்பதற்காகப் பல நல்ல கன்ட்ரோலர்கள் வேண்டுமென்றே வட்டத்தைச் சற்று மிஞ்சுகின்றன, அது பழுதின் அறிகுறியன்று.

நிரந்தரத் தீர்வு ஸ்டிக் கூட்டையே மாற்றுவது. பிளேஸ்டேஷன் 4, 5 கன்ட்ரோலர்களில் இரு பொட்டென்ஷியோமீட்டர்களுக்கும் மும்மூன்று, பொத்தானுக்கு நான்கு, உறைக்கு நான்கு என ஒரு ஸ்டிக்குக்கு 14 பற்றவைப்புப் புள்ளிகள் உள்ளன. ஈயம் கலவாத பற்றாசு உயர்ந்த வெப்பத்தில்தான் இளகும் என்பதால் பழகாத கையில் பலகையின் செப்புத்தடம் உரிந்துவிடும். மாற்றிய பின் கேலிப்ரேஷன் செய்யாமல் விட்டால் புதிய ஸ்டிக்கும் டிரிஃப்டோடு தோன்றும், பழி புதிய உறுப்பின்மேல் விழும். 2023 ஜனவரியில் வந்த சோனியின் டூயல்சென்ஸ் எட்ஜ், ஸ்டிக் கூட்டைப் பற்றவைப்பின்றிக் கழற்றி மாற்ற இடமளித்தது. ஆனால் அவ்வசதி விலை உயர்ந்த கன்ட்ரோலருக்கு மட்டுமே தரப்பட்டது.

இந்தியாவில் நின்டெண்டோ ஸ்விட்ச் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவேயில்லை. இறக்குமதிக் கடைகளில் வாங்கியவருக்கு ஐரோப்பியருக்குக் கிடைத்த இலவசப் பழுதுபார்ப்பு இல்லை. காஞ்சிபுரத்துக்காரர் உதிரி உறுப்பு தேடினால் எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகலாம், அல்லது இணையத்தில் வரவழைக்கலாம். இரு வழியிலும் அசல் ஆல்ப்ஸ் உறுப்பும் அதன் போலியும் ஒரே தோற்றத்தில் கிடைக்கும். ஒன்றிய நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளம், வேளாண் கருவிகள், கைப்பேசிகளும் டேப்லெட்களும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகளை முன்னிறுத்தியது. கேம் கன்ட்ரோலருக்கு அப்பட்டியலில் தனி இடம் இல்லை. உதிரி உறுப்பையும் பிரிக்கும் முறையையும் வெளியிடும் கடமை இத்தகைய சிறு கருவிகளுக்கும் விரிக்கப்படும் வரை, ஓரிக்கையில் ஒரு ஸ்டிக் தேய்ந்தால் முதலில் கிடைப்பது ஆல்கஹாலும் பஞ்சும்தான். அவற்றைக் கையில் எடுப்பதற்கு முன், எண் துள்ளுகிறதா, ஒரே இடத்தில் சாய்ந்து நிற்கிறதா, விரலை எடுத்தபின் ஸ்டிக்கே நடுவுக்கு வரத் தவறுகிறதா என்று மூன்றையும் கணினியில் தனித்தனியே பார்த்துக்கொள்ள உலாவி ஒன்றே போதும்.